பெற்றோர் உளநோயும் சிறார் வினாவும்

விழுப்புரம் மாவட்டத்து வல்லம் போலும் சிற்றூர்களில், தாயேனும் தந்தையேனும் உளநோயுற்றவிடத்துப் பெரியோர் கைக்கொள்ளும் முதன்முறை வாய்வாளாமையேயாம். "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்பர். குழந்தையோ, நள்ளிரவில் தனக்குத்தானே பேசும் தாயைக் கண்கூடாகக் காண்கின்றது. சொல்லப்படாத காரணத்தை அது தானே படைத்துக்கொள்ளும். அங்ஙனம் படைக்குங்கால் தன்னையே காரணமாக்கிக் கொள்ளுதல் இளமையின் இயல்பு. 'யான் சொற்கேளாமையால் அன்றோ அன்னை இங்ஙனமாயினள்' என்று உள்ளுக்குள் நடுங்கும்.

இவ்வச்சத்தை நீக்க நம் சித்தாந்தம் துணை செய்யுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முன்வினை என்று கூறி அமைவாரும் உளர். வினை அவ்வவ்வுயிர்க்கே உரியதாகலின், மகன் செய்த குறும்பு தாய்க்கு நோயாய் விளையாது. சிறார்க்கு வேண்டுவது அவ்வளவே. அதற்குமேல் தாயின் பழவினையை அவர்முன் அளக்கப் புகுதல் எமக்கு உடன்பாடன்று. நோயாளியைக் குற்றவாளியாக்குதலன்றி அதனால் ஆவது யாது?

வல்லத்தோடு ஒரே மாவட்டத்ததாகிய திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனவும், அரசன் அமைச்சரோடு கூடினாற்போல அவற்றோடு கூடி நிற்பது எனவும் தெரிக்கும். அமைச்சர் நோயுற்றால் ஆணை பிறழும். அரசன் வேறொருவன் ஆயினானல்லன். பத்தாண்டுச் சிறுவனுக்கு இதனை விளக்குதல் அரிதன்று: "அம்மாவின் மனம் என்னுங் கருவி நோயுற்றிருக்கிறது, அவள் உன் அம்மாவே, மருத்துவர் பார்க்கிறார்." ஆயினும் அவள் சினந்து அடித்தவழி, 'அது நோய், வருந்தாதே' என்று வாயடைத்தல் கூடாது. வலித்தது மெய். அப்பொழுது அடுத்த வீட்டு அத்தையிடம் ஓடிப்போதல் பிழையன்று என்பதையும் முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.

சற்று வளர்ந்த பிள்ளை, 'எனக்கும் வருமோ?' என்னும். மனச்சிதைவு நோயுற்ற ஒருவர்க்குப் பிறந்த மக்களுள், பதின்மரில் ஏறத்தாழ ஒருவர்க்கே அந்நோய் வருமென மருத்துவ நூலார் கணிப்பர். பொய்யாறுதலினும் இதனைக் கூறுதல் நன்று.

உளநோயாளரைக் கண்ணுக்கு மறைவாக ஒதுக்கும் வழக்கம் எங்குக் கொண்டுசெல்லும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. 2001 ஆகஸ்டு 6-இல் ஆங்கொரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிப்புண்டிருந்த 28 பேர் மாண்டனர். அவருட் சிலர்க்கு மக்களும் இருந்திருப்பர். அம்மக்கட்கு யார் என்ன சொன்னாரோ! 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றும் விலக்கியது. அரசின் மனநல ஆலோசனை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கிடைக்கின்றது. சிறாரும் இவ்வெண்ணை அறிந்திருத்தல் தக்கதே. மாத்திரை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை மாத்திரம் அவர்பால் விடலாகாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் அதனை ஏற்றல் வேண்டும்.