தப்பும் வழி

ஏற்காட்டில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒண்டிக்கடை என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் வனாந்தரத்தில் தனியாக நிற்கும் ஒரு பெட்டிக்கடை கண் முன்னே வரும். என்றைக்கோ அப்படி இருந்திருக்கலாம். இன்று அங்கே கடைகளுக்கும் குறைவில்லை, வண்டிகளுக்கும் குறைவில்லை. ஒண்டியாக மிஞ்சி நிற்பது அந்தப் பெயர் மட்டுந்தான்.

சென்ற மார்கழியில் ஒரு மாலை, மூடுபனி இறங்கிவிட்டபடியால், ஊர் திரும்ப வேண்டிய நானும் என் அக்காள் மகனும் அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் இயந்திரப் பொறியியல் படித்தவன். கையிலிருந்த போனில், 2023ஆம் வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஒரு சோதனையைப் பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சோதனை அது. ஆள் இல்லாத ஒரு கூண்டை ராக்கெட்டில் வைத்து மேலே அனுப்புகிறார்கள். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், விபத்து நேர்ந்துவிட்டதாகப் பாவித்துக்கொண்டு, அந்தக் கூண்டை ராக்கெட்டிலிருந்து பிய்த்து எடுத்து, பாராசூட்டில் கடலில் இறக்குகிறார்கள். அன்று காலை கிளம்புவதற்கு ஐந்து விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே 'வேண்டாம்' என்று நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு அனுப்பினார்கள். கூண்டு பத்திரமாக இறங்கியது. கடலில் தலைகீழாக மிதந்தது என்பது வேறு விஷயம். அதற்காகத்தானே சோதனை!

"எல்லாம் சரி மாமா. ஆனால் அடிப்படையிலேயே ஒரு தப்பு இருக்கிறது" என்றான் அவன்.

அவனுடைய கட்சி இது. ககன்யானுக்குத் தேர்ந்தெடுத்திருப்பது எல்.வி.எம்.3 என்ற ராக்கெட். 2023 ஜூலையில் சந்திரயான் மூன்றைச் சுமந்து சென்றதும் அதுதான். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இருநூறு டன்னுக்கு மேல் திட எரிபொருள். நடுவில் திரவ எரிபொருள், அதற்கு மேலே கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் எஞ்சின். திரவ எஞ்சினைக் குழாயை மூடுகிற மாதிரி மூடி அணைக்கலாம். திட எரிபொருளோ தீபாவளி வாணம் போல. பற்ற வைத்தது வைத்ததுதான், எரிந்து தீரும்வரை எந்தச் சக்தியாலும் அதை அணைக்க முடியாது. "அணைக்க முடியாத நெருப்பின் மேல் மனிதனை உட்கார வைக்கலாமா? சரக்கை ஏற்றலாம். மனிதனுக்கென்று புதிதாக ஒன்றை வரைந்திருக்க வேண்டும்" என்றான்.

இது அவன் ஒருவனுடைய வாதம் அல்ல. அமெரிக்காவில் ஏரீஸ் என்ற ராக்கெட்டைத் திட்டமிட்டபோது இதே சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. அதன் அடித்தளம் முழுவதும் திட எரிபொருள். ஆபத்தில் கூண்டு தப்பிப் பறந்தாலும், சிதறி எரியும் துண்டுகள் பாராசூட்டைப் பொசுக்கிவிடும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். மறு சாரார் மறுத்தார்கள். 2009இல் ஒரே ஒரு சோதனைப் பறப்புடன் அந்த ராக்கெட்டின் கதை முடிந்தது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. திட எரிபொருளில் சுழலும் பம்பு இல்லை, ஓடும் குழாய் இல்லை. உறுப்புகள் குறைந்தால் கெட்டுப்போக இருப்பவையும் குறைவு. தவிர, பலமுறை பறந்த ராக்கெட்டின் குணதோஷங்கள் நமக்குத் தெரியும். புதிதாக வரைந்தது காகிதத்தில் எத்தனை அழகாக இருந்தாலும், அதன் கோபதாபங்களை இனிமேல்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். புது மாப்பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆபத்தில் கூண்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, உச்சியில் இருக்கும் அந்தத் தப்பிக்கும் கோபுரம், அதற்குள் இருப்பதும் திட எரிபொருள்தான்! கண்மூடித் திறப்பதற்குள் சீறிப் பாய அதற்குத்தான் தெரியும். அணைக்க முடியாது என்பதும் தயங்காது என்பதும் ஒரே நெருப்பின் இரண்டு குணங்கள்.

எங்கள் பேச்சைப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி மூட்டையும் சவுக்கு மரமும் ஏற்றி முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையில் லாரி ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது. சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை அவர் எத்தனை ஆயிரம் தடவை திருப்பியிருப்பாரோ!

"தம்பி சொல்றது எனக்கு முழுசாப் புரியலீங்க. ஆனா ஒண்ணு. எறங்கறப்ப பிரேக் போச்சுன்னா டிரைவருக்கு ரெண்டே பக்கந்தானுங்க. ஒண்ணு பள்ளம், ஒண்ணு மலை. மலைப் பக்கம் ஒடிச்சிரணும். வண்டி போகும், கை கால் போகும், உசுரு நிக்கும். இதை வண்டி எடுக்கறப்பவே மனசுல முடிவு பண்ணி வெச்சுக்கணுங்க. பிரேக் போனப்புறம் யோசிக்க நேரமிருக்காது."

அக்காள் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1983 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, ருஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் ஒன்று பைக்கனூரில் புறப்படத் தயாராக நின்றது. உச்சியில் டிட்டோவ், ஸ்ட்ரெகலோவ் என்ற இரண்டு பேர். புறப்பட ஒன்றரை நிமிஷம் இருக்கையில் அடியில் தீப்பிடித்துக்கொண்டது. ஆபத்தைச் சொல்ல வேண்டிய கம்பிகளையே தீ தின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் கண்ணால் பார்த்துக் கட்டளை அனுப்ப, கோபுரம் கூண்டைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓரிரு விநாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருவரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஆறே மாதம் கழித்து, 1984 ஏப்ரல் 3ஆம் தேதி, நம் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார். அவரோடு அதே சோயுஸில் போன இரண்டு ருஷ்யர்களில் ஒருவர் யார் தெரியுமா? அந்த ஸ்ட்ரெகலோவ்தான்! ராகேஷ் சர்மாவைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். ஒரு முறை நெருப்பிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட மனிதர் மறுபடியும் அதே மாதிரி ராக்கெட்டில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அதைப் பற்றி ஏனோ நாம் பேசுவதில்லை. அதை வெறும் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்குக் கெடுதல் நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே யோசித்து, அதற்காகப் பாரத்தையும் பணத்தையும் செலவிட்ட முகம் தெரியாத ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை அது.

அமெரிக்காவின் சாலஞ்சரில் அப்படி ஒரு கோபுரம் இல்லை. அடிக்கடி போய் வரும் வாகனம், அதற்கு எதற்கு என்று நினைத்தார்கள். 1986 ஜனவரி 28இல், கிளம்பிய எழுபத்துமூன்றாவது விநாடியில், ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. திட எரிபொருள் தூணின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்ததுதான் காரணம் என்று கண்டார்கள்.

ஆனால் என் மனத்தை அறுப்பது அந்த வளையம் அல்ல. முதல் நாள் இரவு. தூணைச் செய்த கம்பெனியின் பொறியாளர்கள், 'இந்தக் குளிரில் வேண்டாம்' என்று தொலைபேசியில் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை. திரும்பக் கேட்டார்கள். கம்பெனி முதலாளிகள் தனியே கூடிப் பேசினார்கள். பிறகு சம்மதம் வந்தது. அந்தச் சம்மதத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டார்கள். உயிரைக் கொடுக்கப்போகிற ஏழு பேருக்கு அந்த இரவில் நடந்த பேச்சு தெரியாது.

போகிறவர்கள் மனமொப்பித்தானே போகிறார்கள், அவர்கள் தேர்ந்த விமானிகள், ஆபத்து தெரிந்தவர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சம்மதம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பாரத்தை நாம் இறக்கி வைத்துவிடுகிறோம்! இப்போது, நான் சிரிக்காததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், தொடர்கதை ஒன்றை முடிப்பதற்காக ஏற்காட்டில் தங்கியிருந்தேன். மறுநாள் விடியற்காலையில் சேலத்தில் நெருங்கிய சிநேகிதர் வீட்டு முகூர்த்தம். அதிகாலை மூன்று மணிக்கு வாடகைக் கார் வந்தது. பனி கையெட்டும் தூரம்கூடத் தெரியாமல் மூடியிருந்தது. பிரேக்கும் நேற்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது, விடிந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கலாமே என்றார் டிரைவர். நான் கோபித்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் ஓட்டுகிறவருக்குப் பயமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாடகை வேண்டியவர் அவர்; கொடுக்கிறவன் நான். அதற்கு மேல் அவருடைய தொழில் கௌரவத்தையும் சீண்டிவிட்டேன்.

பாதி மலையில் பிரேக் நிற்கவில்லை. அவர் மலைப் பக்கம் ஒடித்தார். அவருக்குக் கை முறிந்தது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். சீராக வாங்கிய வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு நசுங்கல். மேலிருந்து வந்த பால் வண்டியில் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆமாம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்! பந்தியில் எல்லாரும் என் நெற்றியைப் பார்த்துப் பதறினார்கள். நான் தப்பித்த கதையை நான்கு பேருக்குச் சொன்னேன். அந்தக் கதையில் 'பயமா?' என்ற என் கேள்வி வரவில்லை. பிறகு அவருக்குப் பணம் கொடுத்தனுப்பினேன். போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே, திடமா திரவமா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, படிப்பும் இல்லை. அறிந்த ராக்கெட்டைத் திருத்தி, மேலே ஒரு கோபுரமும் வைப்பது என்ற முடிவு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கோபுரமும் எல்லாவற்றையும் காக்காது. 2003இல் கல்பனா சாவ்லா போனது ஏறும்போது அல்ல, திரும்பும்போது. அங்கே இந்தக் கோபுரத்துக்கு வேலையே இல்லை. மகேந்திரகிரியில் அந்தக் கடுங்குளிர் எஞ்சினை மனிதருக்குத் தகுதியாக்க 6,350 விநாடி எரித்துப் பார்த்தால் போதும் என்று விதி இருக்க, 8,810 விநாடி எரித்துப் பார்த்தார்கள் என்று 2024இல் செய்தி வந்தது. ககன்யானை 2018இல் அறிவித்தபோது 2022 என்று கெடு வைத்தார்கள். கெடு தாண்டிப் போயிற்று. பத்திரிகைகள் கேலி செய்தன. 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா அமெரிக்க ராக்கெட்டில் போகவிருந்தபோதும், திரவ ஆக்ஸிஜன் கசிகிறது என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். சரிசெய்த பிறகு அதே மாதம் 25ஆம் தேதி கிளம்பினார். இந்தத் தாமதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதமான ஆறுதல் ஏற்படுகிறது. 'வேண்டாம்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், 'பயமா?' என்று யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அந்தப் பெஞ்சில் நான் சொல்லவில்லை. பெரியவர் டீக் கிளாஸை வைத்துவிட்டு, "இப்ப எறங்கறீங்களா?" என்று கேட்டார். எங்கள் காரை ஓட்டி வந்த பையன் கொஞ்ச தூரத்தில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் அவனைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, போகலாமா?"

"நீங்க சொன்னாப் போலாங்க சார்" என்றான்.

அதுதான் எனக்குப் பிடிக்காத பதில். "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றேன்.

அவன் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகு பெரியவரைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, "ஒரு மணி நேரம் போகட்டுங்க சார்" என்றான்.

அக்காள் மகன் இன்னும் மூன்று டீ சொன்னான்.