மண்டைக்குள் தேரை

கடையத்திலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் போகும்போது இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோரணமலை தெரியும். மேலே குகையில் முருகன் இருக்கிறான். அந்த மலைக்கு ஒரு கதை உண்டு. தீராத தலைவலியோடு வந்த ராஜாவின் மண்டையை அகத்தியர் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒரு தேரை மூளையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுத்தால் மூளையும் சேர்ந்து வரும். அகத்தியரே யோசித்து நின்றபோது, பக்கத்தில் இருந்த சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினான். தேரை தானாகவே தண்ணீருக்குள் குதித்துவிட்டது. அன்றிலிருந்து சீடனுக்குத் தேரையர் என்று பெயர். அவன் வாய் பேசாதவன் என்று சொல்கிறவர்களும் உண்டு.

கதை நடந்ததா என்று நான் விசாரித்ததில்லை. 32 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு அது வேறொரு கேள்வியைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவன் மண்டைக்குள் இருக்கும் தப்பை எடுக்க, அவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? அது அறத்தில் சேருமா?

நான் சிரித்திருக்கிறேன். 1986-ல், வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று பாடம் வாசித்தான். எங்கள் பக்கத்து நாக்கில் ழகரம் அவ்வளவு லேசில் உட்காராது. "வாளப்பளம்" என்றான். நான் விடுவேனா? "வாளால வெட்டுன பளமால?" என்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது. நகைச்சுவையாகப் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று எனக்கே ஒரு மிதப்பு. அதற்குப் பிறகு அந்தப் பையனை வாசிக்கச் சொன்னால் எழுந்து பெஞ்சைப் பார்த்தபடி நிற்பான். அரைப்பரீட்சை வருவதற்குள், பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்பதைக்கூட விட்டுவிட்டுக் கையை மட்டும் தூக்க ஆரம்பித்தான். அந்த வருஷத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

நான் சொன்னது இலக்கணப்படி சரி. ஆனால் திருக்குறளில் வாய்மை அதிகாரம், 30-ஆவது, எடுத்த எடுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொள்கிறது. யாருக்கும் சிறு தீங்கும் இல்லாத சொல்லைத்தான் வள்ளுவர் வாய்மை என்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது மட்டும் அவருக்குப் போதவில்லை. அந்தக் கணக்கில் நான் சரியைச் சொன்னேன், வாய்மையைச் சொல்லவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். நகைக்குத்தான் முதலிடம். அழுகைகூட அப்புறம்தான். சிரிப்பு பிறக்க நாலு வாசல் காட்டுகிறார். பிறரை எள்ளுவது ஒன்று. இளமை, பேதைமை, மடமை மற்ற மூன்று. வகுப்பில் பல தடவை நடத்திய பாடம்தான். நான் எள்ளலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன் என்பது உறைக்க வருஷங்கள் ஆயின.

இதைச் சொன்னபோது கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் மறுத்தார். "சிவனே சிரித்துத்தானே முப்புரத்தை எரித்தான்? சிரிப்பு சில நேரம் சுடத்தான் வேண்டும்" என்றார். வலுவான கட்சிதான். ஆனால் சுந்தரர் திருப்புன்கூரில் பாடும்போது அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்கிறார். முப்புரம் எரிந்த அன்று மூன்று பேர் பிழைத்தார்கள். இரண்டு பேருக்கு வாசல் காவல் கிடைத்தது. மூன்றாமவனுக்கு, இறைவன் ஆடும்போது முழவு கொட்டும் வேலை. எரிக்கிற சிரிப்பிலும் ஆளைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்திருக்கிறது. என் சிரிப்பில் அந்தப் பையனுக்கு நான் ஒரு முழவும் கொடுக்கவில்லை.

முழவு என்றதும் எனக்கு எங்கள் தாய்மாமா ஞாபகம் வரும். அவர் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். சுடலைமாடன் கோயில் கொடைக்கு அவரோடு போய் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். கதை பாடுகிற அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டி, "அப்பேர்ப்பட்ட பார்வதி பிள்ளை வரம் கேட்டுத் தவம் இருந்தாள்" என்பார். மாமா, "ஆமா" என்பார். உடனே ஒரு சந்தேகம் வந்த முகத்தோடு, "ஏற்கெனவே ரெண்டு பிள்ள இருக்கே அண்ணாச்சி, பிறகு எதுக்கு?" என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். அண்ணாவி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கதையை விளக்குவார். உண்மையில் அது கூட்டத்தில் பாதிப் பேருக்கு இருந்த கேள்வி. எழுந்து கேட்டால் அசடாகிப் போவோம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மாமா அந்த அசட்டைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார்.

"வெறும் ஆமா போடுததுக்கு எதுக்கு மாமா ஒரு ஆளு?" என்று ஒருதரம் கேட்டேன். "ஏல, குடம் அடிக்கக் கை போதும். ஆமா போடத்தான் காது வேணும்" என்றார்.

என் எள்ளல் எனக்கே உறைத்த பிறகு, வகுப்பில் மாமாவைப் போல ஆமா போடும் பின்பாட்டுக்காரன் நான்தான். போனில் பேசுவது எப்படி என்று ஒரு பாடம் வைத்திருந்தேன். புத்தகத்தில் இல்லாத பாடம். டஸ்டரைக் காதில் வைத்துக்கொள்வேன். "நான்தான் பேசுதேன்." "நான்தான்னா யாரு?" "என்ன இப்படிக் கேக்கிய, நான்தான்!" அப்பா விழுந்துவிட்டதை அண்ணனுக்குச் சொல்லவேண்டும். "அண்ணே, ஒண்ணும் பதறாதிய. காலையில ஆறரை பஸ்ஸு வரல பாத்துக்கிடுங்க. பிறகு மினிபஸ்ஸுல போனமா, அங்க வடை சுடச்சுட இருந்துச்சு..." பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல், "சார், அப்பாக்கு என்னாச்சு?" என்று கத்துவார்கள். அப்போதுதான் அனுமனைக் கூப்பிடுவேன். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமனைக் கம்பர் எப்படிப் பேசவைத்தார்? சீதையின் பேரைக்கூடப் பிறகு வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டேன் என்ற சேதியை முதல் சொல்லாகப் போட்டார். கடல் தாண்டிய கதை, அடிபட்ட கதை எல்லாம் அப்புறம். பிள்ளைகள் என் போனைத் திருத்தித் தருவார்கள்: "அப்பா நல்லாருக்காங்க. கால்ல அடி. ஆஸ்பத்திரியில இருக்கோம்." அந்த வகுப்பில் அசடு நான் ஒருவன்தான். அதனால் யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை.

தெரியாதவன் மாதிரி நடிப்பது பொய்யில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவர் வழிவிடுகிறார். எனக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை. எங்கள் அப்பா விழுந்த அன்று அண்ணனுக்கு நான் அப்படித்தான் போன் பேசினேன், வடையைத் தவிர.

அசட்டைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும் இந்த வித்தை எங்கள் ஊர் மாப்பிள்ளை ஒருவருக்கும் தெரிந்திருந்தது. 1918 டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து விடுபட்டு, மனைவி செல்லம்மாவின் ஊரென்று கடையத்துக்கு வந்து 1920 வரை இருந்த பாரதியைத்தான் சொல்கிறேன். உக்கிரமான கவி என்றே அவரைப் படித்துப் பழகிவிட்டோம். அவர் உரைநடையில் 'தராசு' என்று ஒரு வரிசை இருக்கிறது. ஊருக்குச் சொல்லவேண்டிய புத்தியைத் தன் வாயால் சொல்லாமல் ஒரு தராசின் வாயில் வைத்திருப்பார். 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன்தாரைக் கேலி செய்வதோடு நிற்கமாட்டார். அங்கே கவிபாடித் திரியும் பையனையும் விடமாட்டார். அந்தப் பையனிடம் எட்டயபுரத்துச் சுப்பையாவின், அதாவது சின்ன வயதுப் பாரதியின், சாயல் நன்றாகவே தெரியும். ஜமீனைச் சிரிக்கிற உரிமையை, தன்னைச் சிரித்து வாங்கியிருக்கிறார்.

அப்படியானால் எதிராளியைக் கிண்டலே செய்யக்கூடாதா? கிருபானந்த வாரியாரைப் பற்றிப் பலரும் சொல்லிக் கேட்ட ஒன்று இருக்கிறது. அனுமனை இராமன் சொல்லின் செல்வன் என்று பாராட்டும் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தாராம். நேரமாகிவிட்டதென்று சிலர் எழுந்து நழுவினார்கள். வாரியார் அவர்களைக் காட்டி, "இவர்களும் சொல்லின் செல்வர்கள்தான், நல்லதைச் சொல்லின் செல்வர்கள்" என்றாராம். இதுவும் எள்ளல்தான். ஆனால் வாளப்பளத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எழுந்தவர்கள் வளர்ந்த ஆட்கள், ஒரு கூட்டம். என் முன்னால் நின்றது ஒற்றைப் பையன். அதோடு, திட்டு வாங்கினவனுக்கும் வாரியார் அனுமன் பட்டத்தைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார அவனுக்கு வழி இருக்கிறது.

அகத்தியருக்குத் தெரியாததா சீடனுக்குத் தெரிந்துவிட்டது? தேரை மூளையில் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைத் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும் பகையாகப் பார்க்காமல், தண்ணீரைத் தேடும் உயிராகப் பார்த்தவன் சீடன். அப்படிப் பார்த்த பிறகு அதை இழுக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

என் மண்டைக்குள்ளும் ஒரு தேரை இருக்கிறது. கையை மட்டும் தூக்கிக்கொண்டு, வாய் திறக்காமல். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். என்றைக்காவது எதிரே வந்து, "சார், வாளப்பளம்" என்று சிரித்தானென்றால் அது குதித்துவிடும். பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் தார் தொங்குவதைப் பார்த்தால், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.