காட்சியும் கடப்பாடும்

அழகிய ஒன்றைக் கண்டு மகிழ்தல் அறத்தின் பாற்பட்டதா, அறத்தோடு தொடர்பற்றதா என்னும் வினா மெய்யியலாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. உழைத்தல், ஈதல், கவர்தல் முதலிய செயல்கள் நன்று, தீது என்னும் அளவைகளுக்கு எளிதில் உட்படுவன. ஆயின் வெறுமனே நின்று ஒரு மலையைப் பார்ப்பவன் எவருக்கும் நன்மை செய்வதுமில்லை, தீங்கு இழைப்பதுமில்லை. அவனது செயலை எவ்வாறு மதிப்பிடுவது? இதனைக் கோட்பாட்டளவில் ஆராய்வதினும் ஒரு நாளின் அனுபவத்தில் வைத்து ஆராய்தல் தெளிவு தரும்.

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து, கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞன் ஒருவன் விடுமுறையில் வீடு வந்திருக்கிறான் என்க. ஒரு நாள் விடியுமுன் அவன் மோட்டார் சைக்கிளில் தனியே புறப்படுகிறான். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா வழியாக ஏறி, அம்பேவெலவின் மேய்ச்சல் நிலங்களைக் கடந்து பட்டிப்பொலவை அடைகிறான். அங்கு அவனுக்கு அலுவல் எதுவுமில்லை, உறவினர் எவருமில்லை. புகையிரதம் மலையேறி வருவதைப் பார்க்க வேண்டும். பின்னர் ஹக்கல வழியாக வெலிமடைப் பக்கம் இறங்கி, ஊவாவின் வறண்ட புல்வெளிகளைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். அவனது நோக்கம் இவ்வளவே.

பார்ப்பதற்குரிய இடமே அது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல, இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது. நிலையத்தைக் கடந்து ஓகிய நோக்கிச் செல்லும் பாதை 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டபின் சுரங்கத்தினூடாக மறுபுறம் இறங்குகிறது. ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையை இத்துணை உயரத்துக்குக் கொண்டு சென்றமை பொறியியலின் அருஞ்செயல் எனலாம். 44 அடி தூரத்துக்கு ஓரடி உயரும் ஏற்றமும் நெருங்கிய வளைவுகளும் இருத்தலின் வண்டி விரைந்து வருதல் இயலாது. அதன் முழக்கம் மூடுபனியினூடே முதலிற் கேட்கும், உருவம் பின்னரே தோன்றும். மலைமுகட்டுக்கு அப்பால் வேறோர் உலகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குச் சரிவு மழையில் நனைந்து கிடக்க, மழை மறைவிலுள்ள ஊவாவின் பதனைப் புல்வெளிகள் வெயிலிற் காய்ந்து பொன்னிறம் பெற்றிருக்கும். பாலைவனம் இல்லாத தீவில் பாலையின் சாயலை அங்கேதான் காணலாம். இளைஞன் இவற்றையெல்லாம் கண்டு நிறைவெய்துகிறான்.

அவனது நாளைக் குறித்து இரு தீர்ப்புகள் எழக்கூடும். ஒன்று கண்டனத் தீர்ப்பு. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற் பிறந்தவன் எரிபொருளையும் நேரத்தையும் பயனின்றிச் செலவிட்டான் என்பது அதன் சாரம். தோட்டத்தில் ஒரு நாளின் உழைப்பு ‘பேர்’ எனப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. நாள் என்பதையே கூலியின் அலகாகக் கண்டு பழகிய சமூகத்தில், கூலியற்ற நாள் வீணான நாளாகத் தோன்றுதல் இயல்பே.

மற்றையது விடுவிக்கும் தீர்ப்பு. 1790 இல் வெளிவந்த தமது நூலில் இம்மனுவேல் காண்ட், அழகுணர்வை நலநாட்டமற்ற மகிழ்ச்சி என விளக்கினார். பொருளை உடைமையாக்கவோ பயன்படுத்தவோ விழையாது, அதன் தோற்றத்தில் மட்டும் மனம் தோய்வதே அழகுணர்வு. இதன்படி நோக்கின், பட்டிப்பொலவில் நின்ற இளைஞனே புகையிரதத்தைத் தூய்மையாகக் கண்டவன். மரக்கறி மூட்டைகளோடு அதற்காகக் காத்திருந்த விவசாயி, தன் தேவையைக் கண்டானேயன்றி வண்டியின் அழகைக் கண்டானல்லன்.

முதலாவது தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. வறியவனுக்கு அழகு வேண்டாம் என்னும் கருத்து, வசதியுடையோர் வாயிலிருந்தே முன்பு வந்துள்ளது. 1844 இல் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்துக்குக் கெண்டலிலிருந்து வின்டர்மியர் வரை புகையிரதப் பாதை அமைக்க முற்பட்டபோது கவிஞர் வேட்ஸ்வேத் அதனை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இயற்கைக் காட்சியைச் சுவைக்கும் ஆற்றல் பிறவியில் வருவதன்று, படிப்படியாகப் பயின்று பெறுவது. ஆகவே தொழிலாளரைத் திரளாக ஏற்றி வருவதால் அவர்க்குப் பெரும்பயன் விளையாது என்பது அவரது வாதங்களுள் ஒன்று. பாதை 1847 இல் திறக்கப்பட்டது, மக்கள் சென்றனர், சுவைத்தனர். உழைப்பவனுக்கு ஓய்வு எவ்வளவு உரியதோ, பயன் கருதாது பார்க்கும் உரிமையும் அவ்வளவு உரியது. பாட்டனுக்கும் தந்தைக்கும் கிட்டாத ஒரு நாளை இவ்விளைஞன் பெற்றான் எனின், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இரண்டாவது தீர்ப்போ முழுமையானதாகத் தோன்றுவது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அக்குறையை எடுத்துக்காட்ட மெய்யியலாளர் வேண்டியதில்லை. மாலையில் இளைஞன் லயத்துக்குத் திரும்பித் தான் கண்டவற்றை அப்பாயியிடம் விரித்துரைக்கிறான் என்க. பனியையும் சுரங்கத்தையும் வண்டியின் நீளத்தையும் கேட்டிருந்த அவள், ஈற்றில் ஒன்றே வினவுகிறாள்: “கோச்சியில யாராரு போனாங்கய்யா?”

அவனிடம் விடையில்லை. வண்டியைப் பார்த்தான், யன்னல்களில் இருந்த முகங்களைப் பார்த்தானல்லன்.

அவ்வினாவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1864 இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே திறக்கப்பட்டு, 1867 இல் கண்டியை அடைந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லுதலே அதன் முதன்மை நோக்கம். 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிய, அதனிடத்தைத் தேயிலை பெற்றது. பாதை 1885 இல் நானுஓயாவையும், பட்டிப்பொலவைக் கடந்து 1894 இல் பண்டாரவளையையும், 1924 இல் பதுளையையும் சென்றடைந்தது. கோப்பி வண்டியேறிச் சென்ற காலத்துக்கு முன்னும் பின்னும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே மாண்டனர்.

அம்மக்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பான்மையோரை 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974 இலேயே முடிவு செய்யப்பட்டது. கணக்கில் இவை எண்கள்; லயங்களிலோ அண்ணன் அக்கரைக்கும் தங்கை இக்கரைக்குமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. மலைநாட்டு நிலையங்களில் வண்டியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்தை அடைந்தனர். வழியனுப்ப வந்தோரின் அழுகை நிறைந்த அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. கப்பற் சேவை 1984 இல் நின்றது. நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

தங்கையை அவ்வாறு வழியனுப்பிய ஒருத்திக்குப் புகையிரதம் ஒரு காட்சிப் பொருளாக இருத்தல் இயலாது. கோச்சி என்றதும் யார் சென்றனர் என்றே அவள் மனம் கேட்கும். காண்டின் அளவுகோலால் நோக்கின் அவளது பார்வை நலநாட்டம் உடையது, ஆகவே குறைபட்டது. ஆயின் அவள் கண்டதையும் சேர்த்தே வண்டியின் உண்மை முழுமை பெறுகிறது என்பதை மறுக்கவியலாது.

தமிழரின் பொருளிலக்கணம் இவ்விடத்தில் துணைபுரிகிறது. தொல்காப்பியம் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்தின் உயிர்களும் தொழில்களுமாகிய கருப்பொருள், மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்து, அவை ஒன்றினொன்று முறையே சிறந்தன என்கிறது. நிலத்தை மாந்தரினின்றும் பிரித்து வெறுங் காட்சியாக நோக்கும் வழக்கம் அம்மரபில் இல்லை. பாலையைப் பற்றிய கருத்தோ இன்னும் நுட்பமானது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் விளக்கம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. இதனை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாலையின் சாயலைத் தேடி இளைஞன் மலைமுகட்டைக் கடந்து ஊவாவின் பக்கம் சென்றான். உரிப்பொருளால் நோக்கின், அவன் காலையிற் புறப்பட்ட ஹற்றன் நிலையத்தின் அயலே பாலையாக இருந்தது. மழையும் பசுமையும் குன்றாத குறிஞ்சி நிலத்தையே பிரிவு பாலையாக்கிவிட்டது. கண் காணும் பாலை வேறு. வாழ்ந்தோர் அறிந்த பாலை வேறு.

இங்கு ஒரு தடை எழலாம். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் ஒரு துயரைத் தேடிச் செல்வதாயின் மகிழ்ச்சி என்பது எவர்க்கும் கிட்டுமா? உலகில் துயர் படியாத நிலம் எங்குள்ளது? தடை நியாயமானதே. ஆயின் அப்பாயி துயர்ப்படும்படி அவனைப் பணிக்கவில்லை. அவன் மகிழ்ச்சியை அவள் பழிக்கவுமில்லை, ஆவலோடு கேட்டிருந்தாள். காட்சியில் மனிதரையும் சேர்த்துக்கொள்ளுமாறு மட்டுமே அவள் வினா வேண்டுகிறது. அறிவு மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்பதும் பொதுவிதியன்று. இராகம் அறிந்தவன் இசையைக் குறைவாகச் சுவைப்பதில்லை. மண்சரிவினாற் பாதை அடைபடும் நாள்களில் வேறுபாடு வெளிப்படையாகிறது: பார்க்க வந்தவன் ஒரு காட்சியை இழக்கிறான், அவ்வண்டியை நம்பியிருப்போர் சந்தையையும் வைத்தியசாலையையும் பாடசாலையையும் இழக்கின்றனர். இதனை உணர்ந்தவனே பாதை மீண்டும் திறக்கும் நாளில் வண்டியின் அழகை முழுமையாக உணர்வான்.

எனவே பார்ப்பவனுக்குரிய கடப்பாடு இரு திறத்தது எனலாம். முதலாவது, அறியும் கடப்பாடு: தான் நிற்கும் நிலம் எவர் உழைப்பால் இவ்வுருவம் பெற்றது, தான் வியக்கும் வண்டி யாரை ஏற்றி வந்தது, யாரைப் பிரித்துச் சென்றது என வினவுதல். இரண்டாவது, பகிரும் கடப்பாடு. மலைச்சரிவிலேயே வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண்ணொருத்தி, அதே மலையின் முகட்டை ஒரு நாளேனும் பார்வையாளராக நின்று கண்டதில்லை எனின், குறை அவளது சுவையுணர்விலன்று; அவளது நாள்கள் பங்கிடப்பட்ட முறையிலேயே உள்ளது. தான் பெற்ற ஓய்வைப் பிறரும் பெறச் செய்தலே ஓய்வு பெற்றவன் அதற்குச் செலுத்தும் விலை.

அடுத்த விடுமுறையிலும் அவ்விளைஞன் பட்டிப்பொலவுக்குச் செல்லலாம், செல்வதே நன்று. பாதை திறந்திருக்கும் ஒரு நாளில் மோட்டார் சைக்கிளை லயத்தில் விட்டுவிட்டு, அப்பாயியை ஹற்றனில் வண்டியேற்றிச் சுரங்கம் வரை அழைத்துச் செல்வானாயின் அஃது இன்னும் நன்று. மலைமுகட்டில் எவரேனும் ஓர் இளைஞன் நின்று அவ்வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். யன்னலோரத்தில் ஒரு முதிய முகம் இருந்ததை அவனும் காணட்டும்.