காட்டுப் பாதையும் மின் மிதிவண்டியும்

மலையேறுவோர் நடந்து செல்லும் பாதைகளில் மின்கலத்தால் இயங்கும் மிதிவண்டியை அனுமதிக்கலாமா என்பது அமெரிக்க நாட்டில் சில ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். நமக்கு அதனால் ஆவதென்ன என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் ஒருவன் எத்திசையில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது இல்லறத்தாரின் விரதங்களிலேயே இடம்பெற்றிருக்கும்போது, அதனை அயலார் விவகாரம் என்று நாம் கருதுவதற்கில்லை.

தேசியப் பூங்காக்களைப் பராமரிக்கும் அந்நாட்டு உள்துறையின் அமைச்சர் 2019 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். சாதாரண மிதிவண்டிக்கு இடமுள்ள பாதைகளில், 750 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் பொருத்திய மிதிவண்டியும் செல்லலாம் என்பது அதன் சாரம். 2020-இல் விதிகள் வந்தன. வழக்கும் தொடரப்பட்டது. சுற்றுச்சூழல் பாதிப்பை முறையாக ஆராயாமல் பூங்காத் துறை விதி செய்தது தவறு என்று 2022-இல் நீதிமன்றம் கூறியது. எனினும் விதியை நீக்கவில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படும் வனப்பகுதிகளில் மட்டும் எந்த மிதிவண்டிக்கும் இடமில்லை.

ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முழங்கால் நோயுற்றோரும் முதியோரும் மலைக்காட்சியைக் காண வேண்டாமா என்கிறார்கள். சம்மேத சிகரத்தில் முதியோர் டோலியில் ஏறிச் சென்று தரிசிப்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், இதற்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்நாட்டிலும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், நடக்க இயலாதோரின் சக்கர நாற்காலியைக் காக்கப்பட்ட வனத்துக்குள்ளும் அனுமதிக்கிறது. இயலாமைக்கு வழிவிடுவது வேறு, இயன்றவர் தம் வசதிக்காகக் கேட்பது வேறு. வாதிடுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள் என்பதே நமது குறை.

எதிர்ப்போர் பெரும்பாலும் வேகத்தையே பேசுகிறார்கள். 2016 ஜூனில் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே மலை மிதிவண்டியில் விரைந்து வந்த ஒருவர், பாதையில் நின்ற கிரிஸ்லி கரடியின் மீது மோதி, அதனால் கொல்லப்பட்டார். அது மோட்டார் இல்லாத வண்டி என்பதை மறக்கலாகாது. இறக்கத்தில் எல்லா வண்டியும் விரைந்தே ஓடும். அங்கே மோட்டாருக்குப் பெரிதாக வேலை இல்லை. ஆகவே வேகத்தை மட்டும் சொல்லி மின்வண்டியைத் தடுப்பது வலுவான வாதமாகாது.

மோட்டார் மாற்றுவது ஏற்றத்தை. ஏற்றத்தில் உண்டாகும் களைப்பு இதுவரை காட்டுக்கு ஒரு வேலியாக இருந்துவந்தது. காலையில் புறப்பட்டவன் நண்பகலில் ஓய்ந்து திரும்பினான். அதற்கு அப்பாலுள்ள மானும் கரடியும் புழுபூச்சியும் அவனால் அஞ்சாமல் இருந்தன. அவன் கருணையால் விட்டுவைத்தான் என்று சொல்வதற்கில்லை, கால் ஒத்துழைக்கவில்லை; அவ்வளவே. திக்விரதம் ஏற்ற இல்லறத்தான் இதனையே அறிந்து செய்கிறான். தான் வகுத்த எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு அவன் தன்னால் வரும் துன்பத்தை முழுதும் விலக்கிவிடுகிறான். இயற்கை இட்ட எல்லையை மின்கலம் அழித்துவிடும்போது, அவ்விடத்தில் மனிதன் தானே ஓர் எல்லையை இட்டுக்கொண்டாக வேண்டும். அந்தக் கடமையைப் பற்றி இரு தரப்பாரும் பேசக் காணோம்.

மேய்ன் மாநிலத்து அகாடியா பூங்காவில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அங்கே 1913 முதல் 1940 வரை ஜான் டி. ராக்பெல்லர் (இளையவர்) குதிரை வண்டிகளுக்கென்று சுமார் 72 கிலோமீட்டர் சாலை அமைத்தார். மோட்டார் வாகனம் அதில் நுழையக்கூடாது என்பது அவர் நோக்கம். நில எண்ணெயால் செல்வம் சேர்த்த குடும்பத்தார் அவர் என்பது வியப்புக்குரியது! இன்று அந்த அகன்ற சாலைகளில், மிதித்தால் மட்டுமே உதவி, அதுவும் மணிக்கு 32 கிலோமீட்டர் வரையே தரும் முதல் வகை மின் மிதிவண்டிக்கு அனுமதி உண்டு. மிதிக்காமலே ஓடும் இரண்டாம் வகைக்கும், 45 கிலோமீட்டர் வரை உதவும் மூன்றாம் வகைக்கும் அனுமதி இல்லை. மலைமேல் ஏறும் நடைபாதைகளிலோ சாதாரண மிதிவண்டியும் கூடாது. இப்பகுப்பு நமக்கு ஏற்புடையதாகவே படுகிறது. முதியவர் ஏரிக்கரை வரை சென்று மரநிழலில் அமர்ந்து வரலாம். உச்சிப் பாதை நடப்பவருக்கும் அங்கே வாழும் உயிர்களுக்கும் உரியதாக இருக்கட்டும்.