தனியாகத் திரும்பி வரத் தெரியுமா?

ஒரு கற்பனை. நீங்கள் ரிடையர் ஆகிவிட்டீர்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் சொல்கிறீர்கள்: "வீட்டை வித்துட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கிடலாம். இனிமே அதுலதான் குடித்தனம்."

பதில் என்ன வரும்? "ப்ரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

சிரிக்க வேண்டாம். பிரிட்டனில் இதை நிஜமாகவே செய்கிறார்கள். அறுபதை ஒட்டிய தம்பதிகள். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள். முப்பத்தைந்து, நாற்பது அடி நீளப் படகில் ஏறி, மத்தியதரைக் கடலிலோ கரீபியன் தீவுகளிலோ வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள். நம்மூர் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டைவிடச் சின்ன இடம். அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், கையால் பம்ப் அடிக்க வேண்டிய கக்கூஸ். குடிதண்ணீர் டாங்க்கில் இருப்பது சில நூறு லிட்டர். நாம் ஒரு நாளில் குளித்துத் துவைத்துத் தீர்த்துவிடும் தண்ணீர் அவர்களுக்கு இரண்டு வாரம் வர வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். இந்த மாதிரி விஷயத்தில் முதலில் புத்தி போவது கணக்குக்குத்தான். வீடு விலை ஏறும் சொத்து, படகு விலை இறங்கும் சொத்து. போதாததற்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கே போகும் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் இந்த விவகாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது பணம் இல்லை. அந்த ஒத்திகை.

ஒரேயடியாக யாரும் கடலில் குதிப்பதில்லை. நாலைந்து வருஷம் முன்பிருந்தே லீவெல்லாம் ஒத்திகைதான். முதல் வருஷம் கிரேக்க நாட்டின் அயோனியக் கடல். பத்துப் பன்னிரண்டு வாடகைப் படகுகள் கூட்டமாகப் போகும். முன்னால் ஒரு தலைமைப் படகில் விவரம் தெரிந்தவரும் மெக்கானிக்கும் இருப்பார்கள். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷன் மாதிரி. தைரியம் வந்த பிறகு அடுத்த லீவில் தனிப் படகு, துணைக்கு ஆள் கிடையாது. நடுவில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு. ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தில் 'காம்பிட்டன்ட் க்ரூ' என்று ஒன்று, சொன்னதைச் செய்யும் உதவியாளுக்கு. 'டே ஸ்கிப்பர்' என்று இன்னொன்று, படகை நடத்துபவருக்கு. புருஷன் எதில் சேருவார், பெண்டாட்டி எதில் சேருவார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்த அயோனியக் கடலில்தான் இதாக்கா தீவு இருக்கிறது. ஹோமர் காவியத்தில் ஒடிசியஸ் திரும்பி வந்து சேர்ந்த ஊர். இருபது வருஷம் அவனுக்காகக் காத்திருந்த பெனலபியின் ஊரும் அதுதான். புருஷன் கடலில், பெண்டாட்டி கரையில் என்பது அந்தக் காலம். இப்போது இரண்டு பேருமே படகில். ஆனால் சாயங்காலம் துறையில் படகு கட்டும் நேரத்தில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் கத்துவார். முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலியோடு அந்த அம்மாள் திணறிக்கொண்டிருப்பார். புருஷனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எந்தச் சென்னைப் பெண்மணிக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மட்டும் என்று தனிப் படகு வகுப்புகள் அங்கே நடக்கின்றன என்றால் சும்மாவா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வகுப்புகளில் தவறாமல் ஒரு பயிற்சி உண்டு. ஒரு வாளியைக் காற்றடைத்த மிதவையோடு கட்டித் தண்ணீரில் எறிவார்கள். ஆள் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். படகைத் திருப்பி, பாயின் காற்றைக் குறைத்து, அந்த வாளியின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. இரண்டு அலை தாண்டினால் மனிதத் தலை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் போதாது. நனைந்த உடையோடு எண்பது கிலோ மனிதரைக் கையால் தூக்கி உள்ளே போட முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை அவர் உடம்பில் மாட்டி, அதைச் சுற்றி இழுக்கும் உருளையால் தூக்க வேண்டும். ரேடியோவில் எந்தப் பொத்தானை அழுத்துவது, 'மேடே' என்று மூன்று முறை சொல்லி இருக்குமிடத்தை எப்படித் தெரிவிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

படகில் இருப்பதோ இரண்டே பேர். விழுந்தவர் கேப்டன் என்றால் இதையெல்லாம் யார் செய்வது?

"அவருக்கு இது முப்பது வருஷக் கனவு. எனக்குத் தண்ணீரென்றால் பயம்தான். இருந்தாலும் அவருக்காகப் போறேன்." இப்படிச் சொல்லும் மனைவியை நமக்கு உடனே பிடித்துவிடும். தியாகம் என்போம். சரி, அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலில் அந்தத் தியாகத்தால் ஆபத்து முதலில் அவருக்குத்தான். தவறி விழுந்தால் அந்த அம்மாளால் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். 'நீங்க சொன்னா சரி' என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேண்டாம் என்றால் படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் 'வருகிறேன்' என்றால், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாம்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு கிளம்பல் உண்டு. வானப்பிரஸ்தம். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனைப் பார்த்தாயிற்றா, காட்டுக்குக் கிளம்பு என்கிறது மனு தர்மம். மனைவி? பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம், கூட அழைத்துக்கொண்டும் போகலாம். இரண்டு வழி இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். இரண்டிலும் முடிவெடுப்பவர் அவர்தான். காட்டில் இது எப்படியோ நடந்திருக்கும். படகில் நடக்காது.

ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்கே போய்விடலாம், கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கலாம், அமெரிக்காவில் பையனோடு இருந்துவிடலாம் என்றெல்லாம் நம் வீடுகளில் முடிவாகிறதே, அதில் எத்தனை இரண்டு பேரின் முடிவு? எஃப்.டி. ரசீது எங்கே இருக்கிறதென்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. குக்கர் எத்தனை விசில் என்று இவருக்குத் தெரியாது. தரையில் இருப்பதால் வண்டி ஓடுகிறது.

மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் தம்பதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மைல்ஸ் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். 1939-ல் இருவரும் இந்துகுஷ் மலையில் திரிச் மிர் சிகரத்தை ஏறிப் பார்க்கப் போனார்கள். கூடப் போன ஷெர்பா டென்சிங் நார்கே. உச்சியைத் தொடவில்லை. யுத்தத்துக்குப் பிறகு கனடாவில் பண்ணை. 1951-ல் 'ட்சூ ஹாங்' என்ற 46 அடி படகை இங்கிலாந்தில் வாங்கினார்கள். அதற்கு முன்பு பாய்மர அனுபவம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

1956 டிசம்பரில் மெல்போர்னிலிருந்து கேப் ஹார்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்து போகக் கிளம்பினார்கள். கூட ஜான் கஸ்வெல் என்ற இளைஞர். 1957 பிப்ரவரி 14 அன்று தென் பசிபிக்கில் பிரமாண்டமான அலை ஒன்று பின்னாலிருந்து தூக்கிப் படகைத் தலைகுப்புறப் புரட்டியது. அந்த நேரத்தில் சுக்கானில் இருந்தவர் பெரில். வயது ஐம்பத்தொன்று. மைல்ஸ் உள்ளே படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கயிறு அறுந்து பெரில் கடலில். அடிபட்ட உடம்போடு, உடைந்து மிதந்த பாய்மரம் வரை நீந்தி வந்தார். இரண்டு ஆண்களும் இழுத்து உள்ளே போட்டார்கள். இரண்டு பாய்மரமும் போய்விட்டது. மேல்தளத்தில் ஆள் விழும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இடுப்பளவு தண்ணீர். வாளியைத் தேடி எடுத்து இறைக்க முதலில் இறங்கியவரும் பெரில்தான். ஒட்டுப்போட்ட படகில் ஐந்து வாரம் கழித்துச் சிலி நாட்டுக் கரை சேர்ந்தார்கள்.

அந்த வருஷம் டிசம்பரிலேயே மறுபடி கிளம்பினார்கள். இந்தத் தடவை இருவர் மட்டும். மறுபடி புயல், மறுபடி படகு உருண்டது, மறுபடி பாய்மரம் போயிற்று. மைல்ஸ் 1959-ல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'ஒன்ஸ் இஸ் இனஃப்'. ஒரு தடவை போதும்! புரண்டது என்னவோ இரண்டு தடவை.

முதல் பயணத்தில் பெரிலை யாரும் கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்ல முடியாது. பாதிப் படகு அவருடையது. ஆனால் இரண்டாவது பயணத்தை என் மனசு ஏற்கவில்லை. அவர்களுக்கு ஒரு மகள். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. அம்மாவும் அப்பாவும் மனசார ஒப்புக்கொண்டதால், கரையில் காத்திருந்தவளும் ஒப்புக்கொண்டதாக ஆகுமா? பெனலபி வேலையைப் பெண்டாட்டியிடமிருந்து எடுத்து மகளிடம் கொடுத்த கதைதானே இது? பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிக் குடித்தனம் வேறாகிவிட்ட அறுபது வயதுத் தம்பதிகளுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் லேசாகிறது. தீர்ந்துபோகவில்லை. அதனால்தான் பலர் முதல் வருஷம் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே படகை விட்டுக் கரையேறுவதற்கு 'நங்கூரத்தை விழுங்குவது' என்று ஒரு சொல் உண்டு. அதை எப்போது விழுங்கலாம் என்று சொல்லும் உரிமை இரண்டு பேருக்கும் தனித்தனியே உண்டா என்பதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

ஸ்மீட்டன் தம்பதி 1968-ல், இருவரும் அறுபதைத் தாண்டிய பிறகு, கேப் ஹார்னைச் சுற்றியேவிட்டார்கள். அதன் பிறகு கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் காட்டு விலங்குகளுக்கு ஒரு காப்பகம் அமைத்து, அந்த நாட்டில் அற்றுப்போயிருந்த ஒரு சின்ன நரி இனத்தை வளர்க்க ஆரம்பித்தார்கள். பெரில் 1979-ல் காலமானார், மைல்ஸ் 1988-ல். அந்தக் காப்பகம் இருக்கும் ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் கிடையாது.