அணையா அடுப்பை யார் அணைப்பது?

கடலூர் மாவட்டம் வடலூரில் ஓர் அடுப்பு எரிகிறது. 1867 மே 23 அன்று வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய நெருப்பு அது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவியவில்லை என்பதால் மக்கள் அதை அணையா அடுப்பு என்கிறார்கள். சுற்றுவட்டார மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த சாலை. வந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஊர் என்று விசாரிக்காமல் இலை போடுவது அங்கே விதி. பசியையே தீ என்று எழுதியவர் வள்ளலார். ஏழையின் வயிற்றில் பற்றிய அந்தத் தீயை அவிப்பதற்கென்று அவர் இன்னொரு தீயை வளர்த்தார்.

அடிகள் 1874இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது. அந்த நூற்றாண்டில் அடுத்தடுத்து வந்த பஞ்சங்களும் கடனும் எத்தனையோ குடும்பங்களை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றின. மலாயாவில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலும், பிறகு ரப்பர்க் காடுகளிலும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் வந்து சேர்ந்தவர்கள் பசியை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் கோயில் கட்டியபோது கூடவே பந்தி போட இடமும் ஒதுக்கினார்கள். 1896இல் தோன்றிய கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சன்னிதியில் நிற்கும் வரிசைக்குச் சளைக்காத வரிசை சாப்பாட்டுக்கும் நிற்கும்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வடலூர் அடுப்பு அணையாமல் எரிவது பெருமையா, முறையீடா? பசித்தவர் வந்துகொண்டே இருப்பதால்தானே அதற்கு வேலை இருக்கிறது? அது என்றென்றும் எரியட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர், தம்மை அறியாமல், பசியும் என்றென்றும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாரா?

தமிழில் இந்தக் கேள்வியை மிகத் துணிச்சலாகத் தொட்டது மணிமேகலைக் காப்பியம்தான். மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன் அமுதசுரபி என்னும் பாத்திரம் ஆபுத்திரன் என்பவனிடம் இருந்தது. பெற்றவள் கைவிட்டுப் போன குழந்தை அவன். பசு ஒன்று பால் கொடுத்துக் காத்தது. மதுரையில் பிச்சை எடுத்து, கிடைத்ததை ஊனமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் பகிர்ந்துவிட்டு, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தான். ஒரு மழைநாள் நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து எழுப்பினார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் கலங்கியபோது சிந்தாதேவி என்னும் தெய்வம் அந்தப் பாத்திரத்தைத் தந்தாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம்.

அந்த அறத்தின் சூடு இந்திரனுடைய ஆசனம்வரை எட்டியது. வரம் தருகிறேன் என்று வந்தவனைப் பார்த்து ஆபுத்திரன் சிரித்தான். பசித்தவரே இல்லாத உலகத்துக்கு அரசன் நீ, உன்னிடம் எனக்கு என்ன வேண்டும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். சினந்த இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பொழிய வைத்தான். வயல் விளைந்தது, வீடுதோறும் சோறு இருந்தது, அமுதசுரபியைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஊர் ஊராகப் போய் உண்ண வாருங்கள் என்று ஆபுத்திரன் அழைத்தான். வேலையற்று நின்ற பாத்திரம் அவனை வாட்டியது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். சாவகம் என்பதை அறிஞர் பலர் இன்றைய ஜாவா என்பார்கள், அதாவது நம் பக்கத்துக் கடல். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போனது. ஆளில்லாத இடத்தில் தான் மட்டும் உண்பதற்கு அமுதசுரபி எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான்.

ஆபுத்திரனுக்காக மனம் இளகாதவர் இருக்க முடியாது. ஆனாலும் கதையின் நடுவே ஒரு முள் இருக்கிறது. இந்திரன் அனுப்பிய மழை கோபத்தில் பெய்ததுதான். இருந்தாலும் பாத்திரத்தால் ஆகாததை அந்த மழை செய்துவிட்டது. நாட்டில் பசியே இல்லாமல் போனது. அந்த நாளில் ஆபுத்திரன் மகிழ்ந்திருக்க வேண்டாமா? அவன் வாடினான் என்று காப்பியம் ஒளிக்காமல் சொல்வது பெரிய நேர்மை. கொடுக்கிறவருக்குள் வாங்குகிறவரைத் தேடும் ஒரு பசி உண்டு.

அடுப்பை அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு. குளிர்நாடுகளில் மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு இருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் வில்லை விழுவது நின்றுவிடும். காற்றாடி மட்டும் உள்சூடு தணியும்வரை ஓடும். ஓட்டம் நிற்கவே இல்லையென்றால், சூட்டை அறியும் உணரி கெட்டிருக்கலாம், அல்லது உள்ளே கங்கு இன்னும் கனலலாம். எதுவென்று பாராமல் பிளக்கைப் பிடுங்கினால் புகை வீட்டுக்குள் திரும்பும்.

2014 ஜூலையில் கோலாலம்பூரில் நடந்தது அப்படிப் பிளக்கைப் பிடுங்கும் வேலைதான். கூட்டரசுப் பிரதேச அமைச்சராக இருந்த தெங்கு அட்னான், நகர மையத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் இலவச உணவு வழங்கும் குழுக்கள் இயங்கக்கூடாது என்று அறிவித்தார். குப்பை சேர்கிறது, இலவசச் சோறு ஆட்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. ஐந்தடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுப்பவரை அங்கே கொண்டுவந்தது இரவில் கிடைத்த ஒரு பொட்டலம் சோறா? வேலை போனது, வாடகை ஏறியது, நோய், குடும்பம் கைவிட்டது என்று கங்குகள் வேறு எங்கோ கிடக்கின்றன. கெச்சாரா, பெர்த்திவி போன்ற குழுக்களும் பொதுமக்களும் குரல் எழுப்பிய பிறகு அரசு தன் பிடியைத் தளர்த்தியது.

ஆனால் நம் பக்கமும் உணரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், சாப்பாட்டுப் பந்தல். நான்கு எட்டு வைத்தால் ஒருவர் தட்டை நீட்டுகிறார்; வயிறு நிறைந்தவர் மறுக்கக் கூசி வாங்கிக்கொள்கிறார்; பாதி உண்ட தட்டுகள் குப்பைத் தொட்டியை நிறைக்கின்றன. கொடுப்பவர் மனத்தில் கள்ளமில்லை. பல மாதம் சேர்த்த பணம், விடியும் முன் எழுந்து வடித்த சோறு. அத்தனையும் அன்று தேடிப் போவது பசியில்லாத கூட்டத்தை. அடுத்த செவ்வாய்க்கிழமை கிள்ளான் அடுக்குமாடி ஒன்றில், தினக்கூலி கிடைக்காத வீட்டில், அதே பசி யாரும் கேட்காமல் கிடக்கும். ஆபுத்திரனாவது பசித்த நாட்டை விசாரித்துக் கப்பலேறினான்.

விசாரிக்கும் வழியை மலேசிய மக்கள் 2021இல் தாங்களே கண்டுபிடித்தார்கள். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் வருமானம் அற்றுப்போன குடும்பங்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற யோசனை ஜூன் கடைசியில் பரவியது. கொடியைக் கண்ட அண்டை வீட்டார் அரிசியும் முட்டையும் கொண்டுபோனார்கள். எந்த இனம் என்று கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் சமையல்கூடத்தில் தொண்டர்கள் சேர்ந்து உணவு சமைத்து அனுப்பினார்கள். அந்த வாரங்களில் பசி இருந்த திசைக்கே சோறு போனது.

அன்னதானத்துக்கு உபயம் எழுதும் நோட்டில் பிறந்தநாள், திருமணநாள், திதி என்று தேதிகள் நிறைந்திருக்கின்றன. கோயில் நிர்வாகங்கள் அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்க்கலாம்: இந்த வாரம் யார் வீட்டில் உலை வைக்கவில்லை, எந்த மாடி, எத்தனை பேர். அந்தப் பத்தி வாராவாரம் நிரம்பிக்கொண்டிருக்கும்வரை அடுப்பை அணைக்கச் சொல்ல எந்த அமைச்சருக்கும் உரிமை இல்லை. அது என்றைக்காவது வெறுமையாகக் கிடந்தால், ஆபுத்திரனைப்போல் வாடாமல் அடுப்பை அணைத்துவிடலாம்; வள்ளலார் வருந்தமாட்டார்.