காதில்லாத தாளம்

சீக்வென்சர் ஒலியைப் பதிவு செய்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எந்தக் கட்டை, எந்தக் கணத்தில், எவ்வளவு வேகமாக அமுக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது, இவ்வளவையே அது எழுதிக்கொள்கிறது. 1983-ல் வந்த 'மிடி' ஏற்பாட்டில் அமுக்கும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். நாள் முழுவதும் லெட்ஜரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. இசை பற்று வரவாகிவிட்டதே என்று அங்கலாய்க்கவும் நான் தயாரில்லை. ஸ்வரப்படுத்தி எழுதிவைப்பதும் ஒருவகைக் கணக்குத்தானே. என் பிரச்னை கணக்கைத் திருத்துவது பற்றியது.

நண்பர் ஒருவரின் தாய்மாமா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எழுபது வயதைத் தாண்டியபின் அவரைக் கீபோர்டு முன் உட்கார்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, மெட்ரோனோமை ஓடவிட்டார் நண்பர். துருத்தி மிதித்துப் பழகிய கால்கள் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தன. நாலு வரி வாசித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"யாருடா அது, உள்ளே தட்டிக்கிட்டே இருக்கிறது?"

"அதைக் கேட்டுக்கிட்டே வாசிங்க மாமா."

"சரி. அது என்னைக் கேக்குமா?"

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு திரும்பியபின்தான் அது கேலி இல்லை, கேள்வி என்று உறைத்தது. மேடையில் அவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் மிருதங்கக்காரர் காத்திருப்பார். மிருதங்கம் முடுக்கினால் இவர் ஓடுவார். லயம் அங்கே இருவருக்கிடையே நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படும் ஒரு சம்மதம். மெட்ரோனோமுக்குச் சம்மதம் என்பது கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் கண்ட ஊசலைக் கொண்டு செய்த கருவிக்கு மெல்ட்ஸெல் 1815-ல் தம் பெயரில் காப்புரிமை வாங்கினார். 1817-ல் பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு வேக எண்கள் குறித்தார். அந்த எண்களைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. 1962-ல் லிகெத்தி நூறு மெட்ரோனோம்களுக்கென்றே ஒரு படைப்பு எழுதினார். எல்லாம் தத்தம் வேகத்தில் தட்டும், சாவி தீரத்தீர ஒவ்வொன்றாக ஓயும், கடைசியில் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். நூறில் ஒன்றுக்கும் மற்றதைக் கேட்கக் காதில்லை. வேடிக்கை என்று உட்கார்ந்தவனைக் கலங்கவைப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் மெட்ரோனோம் நேர்மையானது. வெளிப்படையாகத் தட்டுகிறது, எதிர்த்துக்கொண்டு வாசிக்கலாம். அதன் பின்னால் வருகிற 'குவாண்டைஸ்' என்ற திருத்தம் அப்படியல்ல. நிமிஷத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஓர் அடியின் கால்பாகம் 125 மில்லிசெகண்டு. அந்தக் கட்டங்களுக்கு நடுவே எங்கே விழுந்த ஸ்வரமானாலும், அதிகம் போனால் 62 மில்லிசெகண்டு, பக்கத்துக் கட்டத்துக்கு இழுக்கப்படும். ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்த டிரம் யந்திரத்திலேயே இந்த வசதி உண்டு. கை நடுங்கித் தாமதித்த ஸ்வரமும், வேண்டுமென்றே தாமதித்த ஸ்வரமும் அதற்கு ஒன்றே. அந்தப் பெரியவர் பல்லவிக்குத் திரும்பும் ஸ்வரத்தைச் சற்று ஏங்கவிட்டுத்தான் தொடுவார். திருத்திய பதிவில் அந்த ஏக்கம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது, அவர்தான் இல்லை.

எங்கள் லெட்ஜரில் தப்பான தொகையைச் சுரண்டக் கூடாது. ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கக் கிடைக்க வேண்டும். சீக்வென்சர்களில் சில பழையதைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும். சில, பதிவாகும்போதே திருத்திவிடும். எதுவானாலும் கேட்பவன் காதுக்குக் கோடு தெரியாது.

"நீ கவிதையை ஏழு தடவை அடித்து எழுதவில்லையா?" என்றார் நண்பர். நியாயமான அடிதான். ஆனால் கவிதை, இன்ன நாளில் இன்ன கணத்தில் இது நடந்தது என்று சாட்சி சொல்வதில்லை. வாசிப்பு சொல்கிறது. யந்திரத்தின் மேல் பழி போடவும் வரவில்லை எனக்கு. அமெரிக்காவில் ஜே டில்லா (2006-ல் இறந்தார்) இதேமாதிரி யந்திரத்தில் திருத்தத்தைத் தள்ளிவைத்துத் தாளங்கள் செய்தார். மனித டிரம்மர்கள் அந்தத் தள்ளாட்டத்தைப் பாடமாகப் பயின்றார்கள்.

பெரியவர் போய் இரண்டு வருஷமாகிறது. திருத்தியது, திருத்தாதது, இரண்டும் நண்பரிடம் இருந்தன. மகளுக்கு எதைக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். யோசிக்காமலே, திருத்தாததை என்றேன். அந்த அம்மாள் இரண்டையும் கேட்டுவிட்டுத் திருத்தியதை வாங்கிக்கொண்டார். "தாளம் தப்பினா அப்பா ஆளைத் தொலைச்சிடுவார். இன்னொண்ணைக் கேட்டா அவருக்கே வெட்கமா இருக்கும்" என்றாராம்.

என்னிடம் பதில் இல்லை. திருத்தாததில் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். மெட்ரோனோமை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.